பயிருக்கு வேண்டுவன யாவை? சிறு பிள்ளைகளுக்குச் செய்து காட்டும் முறை

பயிர் வளர்வதற்கு வேண்டியவை எவை என்று ஆறு வயதுப் பிள்ளையொன்றைக் கேட்டால், “மண், தண்ணீர், வெயில், காற்று” என்று தயங்காமல் ஒப்புவிக்கும். விடை பிழையன்று. ஆயினும், அப்பிள்ளையின் கையில் ஒரு பேணி தண்ணீரைக் கொடுத்து ஒரு செடியையும் ஒப்படைத்துப் பாருங்கள். பேணி வெறுமையாகும் வரை தண்ணீரைச் செடியின் மேல் ஊற்றும். மறுநாளும் அவ்வாறே செய்யும். செடி வாடத் தொடங்கினால், தாகத்தால் வாடுகின்றது என்று எண்ணி இன்னொரு பேணி ஊற்றும். நான்கு சொற்களையும் அது அறியும். அச்சொற்கள் குறிக்கும் பொருள்களைச் செடி எவ்வாறு பயன்படுத்துகின்றது என்பதை அறியாது.

இக்குறை பிள்ளைகளிடத்து மட்டும் உள்ளதன்று. நிழலில் நின்று வெளிறிய மிளகாய்க் கன்றுக்கு யூரியா இடுவோரும், நீர் தேங்கி வேர் அழுகிய கத்தரிக்கு மேலும் நீர் பாய்ச்சுவோரும் நம்மிடையே உளர். பயிருக்கு ஒன்று குறைந்தால் மற்றொன்றை மிகுதியாகக் கொடுத்து அக்குறையை நிரப்ப முடியாது என்னும் உண்மையை அவர்கள் இளமையிற் கண்ணாற் கண்டு அறியவில்லை. ஆகவே, தாய்மாரும் தந்தையரும் பாலர் வகுப்பு ஆசிரியர்களும் வீட்டு முற்றத்திலோ பாடசாலைத் தாழ்வாரத்திலோ பிள்ளைகளைக் கொண்டே செய்விக்கத்தக்க ஐந்து எளிய சோதனைகளை இங்கு விளக்குகின்றோம். இவற்றுக்குச் செலவு இல்லை என்றே சொல்லலாம். வேண்டுவது மூன்று கிழமைப் பொறுமையே.

இலங்கையில் விவசாயத் திணைக்களம் 1912ஆம் ஆண்டில் நிறுவப்படுவதற்கு முன்னரே பாடசாலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டுவிட்டன. மண்வெட்டி பிடிக்கும் வயதை எய்தாத பிள்ளைகளுக்கு, தோட்டம் முழுவதும் ஒரு சிரட்டைக்குள் அடங்கினால் போதும்.

விதை வேறு, பயிர் வேறு

சோதனை தொடங்குமுன் பெரியவர்கள் ஒரு வேறுபாட்டை மனத்திற் கொள்ளல் வேண்டும். விதை முளைப்பதற்கு வேண்டுபவை நீர், காற்று, அளவான வெப்பம் ஆகிய மூன்றுமே. பயறு முளைப்பதற்கு வெயிலும் வேண்டியதில்லை, பசளையும் வேண்டியதில்லை. நனைத்த துணியில் முடிந்து வைத்த பயறு இருட்டறையிலும் முளைப்பதை எல்லா வீடுகளிலும் கண்டிருக்கின்றோம்.

இதன் காரணத்தைப் பிள்ளைக்குக் காட்டுவது எளிது. ஓர் இரவு ஊறவைத்த பயற்றைத் தோல் நீக்கி இரண்டாகப் பிளந்து அதன் கையிற் கொடுங்கள். இரு பருத்த வித்திலைகளுக்கிடையே சின்னஞ்சிறு முளை ஒன்று ஒட்டியிருக்கும். தூரப் பயணம் போகும் பிள்ளைக்குத் தாய் கட்டுச்சோறு கட்டிக்கொடுப்பது போல, தாய்ச்செடி இம்முளைக்கு வித்திலையில் உணவு கட்டிக் கொடுத்திருக்கின்றது என்று சொல்லுங்கள். கட்டுச்சோறு தீரும் வரை முளைக்கு வேறு உணவு வேண்டியதில்லை. தீர்ந்தபின் தானே தேடிக்கொள்ளல் வேண்டும். இவ்வொன்றைப் பிள்ளை விளங்கிக்கொண்டால், பின்வரும் சோதனைகளிற் காணப்போகும் புதுமைகள் யாவும் அதற்கு விளங்கும்.

ஆயத்தம்

சாமான்கள்: தேங்காய்ச் சிரட்டை பத்து. யோகட் கோப்பையும் தகரப்பேணியும் கூட உதவும். கண்ணுள்ள சிரட்டைகளின் கண்களை ஆணியால் துளைத்துவிடுக. மேலதிக நீர் அவ்வழியே வடியும். கண்ணில்லாத பாதி ஒன்றைத் துளையிடாது தனியே எடுத்து வைக்க. துளையிடும் வேலையைப் பெரியவர்களே செய்தல் வேண்டும்.

மண்: தோட்ட மேல்மண் இரண்டு பங்குடன் நன்றாக உக்கிய எரு ஒரு பங்கு கலந்து எல்லாச் சிரட்டைகளிலும் ஒரே அளவாக இடுக. உணவுச் சோதனைக்குரிய மண்ணைப் பற்றிப் பின்னர் கூறுவோம்.

விதை: சமையலுக்கு வாங்கிய முழுப் பயறு போதும். கடைகளில் விதைக்கென விற்கப்படும் விதைகள் சில, பூஞ்சண நாசினி பூசப்பட்டு நிறமூட்டப்பட்டிருக்கும். அவற்றைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தலாகாது. சிரட்டைக்கு நான்கு விதையாக, ஒன்றரைச் சென்ரிமீற்றர் ஆழத்தில் ஊன்றுக. பிள்ளையின் விரல்நுனி நகம் மறையும் ஆழம் அது. முளைத்தபின் நல்ல கன்றுகள் இரண்டை விட்டு மற்றவற்றைப் பிடுங்கிவிடலாம்.

இடம்: அரைநாள் வெயில் படுவதும், மழை நேரே அடிக்காததுமான தாழ்வாரம் நன்று. கோழியும் ஆடும் எட்டாத இடமாக இருத்தல் வேண்டும்.

ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக

இச்சோதனைகள் யாவற்றுக்கும் உயிரான விதி இதுவே. எல்லா வசதியும் பெற்ற சிரட்டை ஒன்று எப்போதும் இருத்தல் வேண்டும். மற்றச் சிரட்டைக்கு ஒன்றை மட்டும் குறைத்து, ஏனையவற்றை ஒத்த அளவாகக் கொடுத்தல் வேண்டும். தண்ணீரையும் நிறுத்தி வெயிலையும் மறைத்தால், செடி எதனால் வாடியது என்று யார் சொல்ல முடியும்? பிள்ளைகள் இவ்விதியைப் பெரியவர்களிலும் விரைவாகப் பிடித்துக்கொள்வார்கள். ஓட்டப்பந்தயத்தில் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று ஓடவேண்டும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஒவ்வொரு சோதனையைத் தொடங்கும்போதும் எந்தச் சிரட்டை நன்றாக வளரும் என்று பிள்ளையைக் கேளுங்கள். அது சொல்வது சரியாயினும் பிழையாயினும் திருத்த வேண்டாம். செடியே திருத்தட்டும்.

எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளையும் கணக்கு வைத்தல் கூடும். நாள்தோறும் ஓர் ஈர்க்கைச் செடியின் உயரத்துக்கு முறித்து, அட்டை ஒன்றில் வரிசையாக ஒட்டச் செய்க. செடி வளர்ந்த கதையை ஈர்க்கு வரிசையே சொல்லும். அதனுடன் இலையின் நிறத்தையும் நாள்தோறும் கேட்டுக் குறித்து வைக்க. உயரம் மட்டும் நலத்தைக் காட்டாது என்பதை அவர்கள் விரைவில் அறிவார்கள்.

முதலாவது சோதனை: நீர்

மூன்று சிரட்டைகளில் விதை ஊன்றுக. ஒன்றில் உலர்ந்த மண்ணை இட்டு நீர் விடாது வைக்க. மற்ற இரண்டில் ஒன்று கண்ணுள்ள சிரட்டையாகவும், மற்றது கண்ணில்லாத சிரட்டையாகவும் இருக்கட்டும். இவ்விரண்டுக்கும் கன்றுகள் முளைத்து ஒரு கிழமை ஆகும் வரை ஒத்த அளவாகச் சிறிது சிறிதாக நீர் விடுக. அதன்பின், கண்ணில்லாத சிரட்டைக்கு மட்டும் மண் சேறாகும்படி நீர் ஊற்றி வருக.

உலர்ந்த சிரட்டையில் ஒன்றும் நிகழாது. நான்காம் ஐந்தாம் நாளில் அதன் விதையைத் தோண்டிப் பார்த்தால், இட்டபடியே கிடக்கும். அது செத்துவிடவில்லை, காத்திருக்கின்றது என்று சொல்லி, அதற்கும் நீர் விட்டு முளைப்பதைக் காட்டுங்கள். சேறான சிரட்டையிலோ, சில நாள்களில் கன்று வளர்ச்சி குன்றி, கீழ் இலைகள் மஞ்சளித்துச் சோரும்.

“தண்ணீர் கூடினால் செடி ஏன் வாடுகின்றது?” என்று பிள்ளை கேட்கும். அக்கேள்வியே அடுத்த பாடத்தின் வாயில்.

நாள்தோறும் எவ்வளவு நீர் விடவேண்டும் என்பதற்கு விரலே அளவுகோல். சுட்டுவிரலை முதற் கணு வரை மண்ணில் விடுக. ஈரம் தெரிந்தால் அன்று நீர் வேண்டியதில்லை. உலர்ந்திருந்தால் விடுக. நேரம் பார்த்து நீர் விடும் பழக்கத்தை விட, மண் பார்த்து நீர் விடும் பழக்கமே வாழ்நாள் முழுவதும் உதவும்.

இரண்டாவது சோதனை: காற்று

இலைக்குக் காற்று வேண்டும் என்பதைப் பலரும் ஒப்புவர். வேருக்கும் காற்று வேண்டும் என்பதைச் சிலரே நினைப்பர். வேர் மூச்சுவிடுகின்றது. மண்துகள்களுக்கிடையே உள்ள துவாரங்களிலிருந்து அது ஒட்சிசனைப் பெறுகின்றது. நீர் தேங்கினால் அத்துவாரங்கள் நிறைந்து வேர் மூச்சடைக்கும். மூச்சடைத்த வேர் நீரை உறிஞ்சும் வலியை இழக்கும். ஆகவேதான் நீரில் நிற்கும் செடி நீரின்றி வாடுவது போல வாடுகின்றது.

மண்ணுக்குள் காற்று உண்டென்பதைக் காட்டக் கண்ணாடிக் குவளை ஒன்றில் உலர்ந்த மண்ணை அரைவாசிக்கு இட்டு மெதுவாக நீர் ஊற்றுக. குமிழிகள் மேலெழும். அவை வேர் மூச்சுவிடும் காற்றென்று காட்டுங்கள். பின்னர் சேற்றுச் சிரட்டையின் கன்றையும் நல்ல சிரட்டையின் கன்றையும் வேர் அறாமல் பிடுங்கி நீரில் அலசி, அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றன் வேர் வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும். மற்றதன் வேர் கபில நிறங்கொண்டு குன்றியிருக்கும்.

வயற்புறத்துப் பிள்ளை இங்கே ஒரு தடை எழுப்பும்: “நெல் தண்ணீரில் நின்று வளர்கின்றதே!” நல்ல தடை. நெல்லின் இலையிலிருந்தும் தண்டிலிருந்தும் வேர் வரை காற்றுச் செல்லும் நுண்குழாய்கள் உள. மேலே வாங்கும் காற்றை அது அடிவேருக்கு அனுப்பிக்கொள்கின்றது. தாமரைத் தண்டைக் குறுக்கே வெட்டினால் அத்தகைய துளைகளைக் கண்ணாலேயே காணலாம். பயற்றுக்கும் மிளகாய்க்கும் கத்தரிக்கும் இவ்வசதி இல்லை. ஆதலால் அவற்றுக்குப் பாத்தி உயர்த்தி வடிகால் அமைக்கின்றோம்.

மூன்றாவது சோதனை: ஒளி

இது பிள்ளைகளை மிகவும் வியப்பிலாழ்த்தும் சோதனை. இரண்டு சிரட்டைகளில் பயறு ஊன்றி ஒன்றை வெயிலில் வைக்க. மற்றதை நிழலான இடத்தில் வைத்து, பெரிய மட்பானை ஒன்றைக் கவிழ்த்து மூடுக. அந்தியில் மட்டும் திறந்து நீர் விட்டு உடனே மூடிவிடுக. திறக்கும்போது புதிய காற்றும் உட்செல்லும்.

ஏழாம் நாள் இரண்டையும் அருகருகே வைத்து, எது நன்றாக வளர்ந்திருக்கின்றது என்று கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் பானைக்குள் இருந்த செடியையே காட்டுவர். அது வெயிற் செடியிலும் உயரமாக நிற்கும். ஈர்க்கை ஒட்டி அளந்தாலும் அதன் ஈர்க்கே நெடியது. இவ்விடத்தில் அவசரப்பட்டு விடை கூறாதீர்கள். தண்டைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: மெலிந்து கண்ணாடி போல் இருக்கும். இலையைப் பார்க்கச் சொல்லுங்கள்: சிறுத்து மஞ்சளாக இருக்கும். பின்பு மீண்டும் மூடி வைக்க.

இன்னும் ஒரு கிழமைக்குள் அச்செடி தலைசாய்ந்து வீழத் தொடங்கும். இருட்டில் அகப்பட்ட முளை, வெளிச்சத்தைத் தேடித் தன் கட்டுச்சோறு முழுவதையும் தண்டை நீட்டுவதிலேயே செலவிட்டுவிட்டது. சோறு தீர்ந்ததும் மேலே நிற்க வலியில்லை. வெயிற் செடியோ, பச்சை இலையை விரித்துத் தானே சமைக்கத் தொடங்கிவிட்டது. இலையே செடியின் அடுக்களை. வெயில் அதன் அடுப்பு. வேர் கொணரும் நீரும், இலை காற்றிலிருந்து எடுக்கும் காபனீரொட்சைட்டும் அங்கே சமைக்கும் பண்டங்கள். அவ்வாறு சமைத்த உணவைக்கொண்டே செடி தன் உடலைக் கட்டுகின்றது. பானைக்குள் இருந்த செடிகளில் ஒன்றை எட்டாம் நாளிலே வெளிச்சத்துக்குக் கொணர்ந்தால், ஓரிரு நாளிற் பச்சைநிறம் ஏறுவதையும் காணலாம். ஒளி அதற்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதைப் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவாகச் சொல்ல வேறு வழியில்லை.

பெரியவர்களுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. நாற்றுமேடையில் மிளகாய், தக்காளி நாற்றுகள் நெருக்கத்தாலோ மிகுந்த நிழலாலோ நெடுத்து வெளிறினால், அது வளர்ச்சியின் அறிகுறியன்று. அவற்றுக்குப் பசளை இடுவதற்கு முன் நிழலைக் குறைத்தல் வேண்டும்.

நான்காவது சோதனை: உணவு

மண்ணைத் தின்றே செடி பருக்கின்றது என்று பிள்ளைகள் எண்ணுவது இயல்பு. அறிஞரும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணினர். பெல்சிய நாட்டு அறிஞர் வான் எல்மொன்று என்பவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டும் விட்டு வளர்த்தார். மரம் 169 இறாத்தலாகியது. மண்ணிற் குறைந்ததோ ஏறக்குறைய இரண்டு அவுன்சு மட்டுமே. 1648ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூல் இதனைக் கூறுகின்றது. நீரே மரமாயிற்று என்று அவர் முடிவுசெய்தார். காற்றும் மரத்தின் உடலாகின்றது என்பதும், அதற்குப் பச்சை இலையும் ஒளியும் வேண்டும் என்பதும் நூறாண்டுகளுக்கு மேல் சென்றபின்னரே தெளிவாயின. ஆயினும் குறைந்த அந்த இரண்டு அவுன்சு சிறிதென்று தள்ளத்தக்கதன்று. நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் முதலிய போசணைகள் மண்ணிலிருந்தே வரவேண்டும். சமையலுக்கு உப்புப் போல அவை சிறிதளவே வேண்டும். இல்லாவிடினோ சமையல் இல்லை.

இச்சோதனைக்குப் பயற்றை விட முளைக்கீரை ஏற்றது. கீரை விதை மிகச் சிறியது; அதனுட் கட்டுச்சோறும் சிறிது. ஆகவே பசி விரைவில் வெளிப்படும். மூன்று சிரட்டைகளை எடுக்க. ஒன்றில் பலமுறை கழுவிய ஆற்றுமணல் மட்டும் இடுக. மற்ற இரண்டில் மேற்கூறிய எருக் கலந்த மண்ணை இடுக. மூன்றிலும் கீரை விதை தூவி, முளைத்தபின் ஐந்து கன்றுகளை மட்டும் விட்டு ஒரே அளவாக நீர் விடுக. முதலில் எல்லாம் ஒத்தே முளைக்கும். நாளடைவில் மணலில் நிற்பவை குறுகி வெளிறும், எருமண்ணில் நிற்பவை இலை விரித்து ஓங்கும்.

மூன்றாம் கிழமையில், எருமண் உள்ள சிரட்டைகளில் ஒன்றுக்குப் பெரியவர் ஒருவர் ஒரு தேக்கரண்டி யூரியாவை நீரிற் கரைத்து ஊற்றுக. பிள்ளைகள் யூரியாவைத் தொடலாகாது. சில நாள்களில் இலை ஓரங்கள் கருகிக் கீரை மடியும். “எரு நல்லதென்றீர்களே, பசளையும் உணவுதானே, ஏன் செத்தது?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். உப்பு மிஞ்சிய கறியை உண்ண முடியுமா என்று திருப்பிக் கேளுங்கள்.

ஐந்தாவது சோதனை: இடம்

ஒரு சிரட்டையில் இரண்டு பயறும், மற்றொன்றில் இருபது பயறும் ஊன்றி ஒத்தவாறு பேணுக. மூன்று கிழமைகளில் நெருங்கி நின்றவை மெலிந்தும் வெளிறியும் காணப்படும். ஒளி, நீர், உணவு மூன்றையும் அவை ஒன்றோடொன்று போட்டியிட்டுப் பகிர்கின்றன. களையை ஏன் பிடுங்குகின்றோம், நாற்றை ஏன் இடைவெளி விட்டு நடுகின்றோம் என்பதற்கு இதுவே விடை.

அளவு என்னும் பாடம்

ஐந்து சோதனைகளையும் பார்த்த பிள்ளை கற்கும் பாடம் ஒன்றே. செடிக்கு வேண்டுவன பல. ஒவ்வொன்றும் அளவாக வேண்டும். மிகக் குறைந்து நிற்பது எதுவோ அதுவே வளர்ச்சியைத் தடுக்கும். இவ்விதியை செர்மன் அறிஞர் இசுப்பிரெங்கல் முதலிற் கூற, 19ஆம் நூற்றாண்டில் இலீபிக் என்பார் உலகறியச் செய்தார்.

இது சிரட்டை அளவில் நிற்கும் பாடமன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறுகள் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கித் தேங்குவதையே கிணறுகளில் அள்ளுகின்றோம். பயிர் உண்ணாத நைதரசன், நாம் மிகையாகப் பாய்ச்சும் நீருடன் அதே வழியால் இறங்கி நைத்திரேற்றாகக் கிணற்றை அடைகின்றது. மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது சேர்கின்றது. குடிநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் என உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல தாண்டியுள்ளன என ஆய்வுகள் காட்டியுள்ளன. கற்பிட்டியின் மணற் பிரதேசத்திலும் இத்தொல்லை உண்டு. இத்தகைய நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளுக்குக் கேடு விளையும். தோட்டத்தில் மிஞ்சியது தொட்டிலை வந்து சேர்கின்றது.

குறைவினாலும் கேடுண்டு. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்டது. அதனையடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததை நாம் மறக்கவில்லை. பயிர் வேண்டும் அளவை அறிந்து, மண்ணைப் பரிசோதித்து, எருவையும் பசுந்தாளையும் முதலில் இட்டு, குறையும் பங்கை மட்டும் பசளையால் நிரப்புவதே நேரான வழி. கீரைச் சிரட்டைகள் மூன்றையும் கண்ட பிள்ளைக்கு, இவ்வழி பிற்காலத்தில் புதிதாகத் தோன்றாது.

கவனிக்க வேண்டியவை

1. சிரட்டையும் பேணியும் நீர் தேங்கினால் டெங்கு நுளம்பு முட்டையிடும் இடமாகும். முட்டை பொரித்து நுளம்பாக ஒரு கிழமையளவே செல்லும். ஆகவே, சேற்றுச் சிரட்டையில் மண்ணின் மேல் நீர் நிற்க விடாதீர்கள். கன்று சோர்ந்தவுடன் அதனைக் கொட்டிவிடுங்கள். சோதனை முடிந்ததும் எல்லாச் சிரட்டைகளையும் எரித்து விடுக. பேணிகளைக் கவிழ்த்து மழை படாத இடத்தில் வைக்க.

2. மண்ணையும் எருவையும் தொட்டபின் சவர்க்காரமிட்டுக் கைகழுவச் செய்க.

3. நீரைப் பெரியவர்கள் அள்ளி வாளியில் வைத்துக் கொடுக்க. கட்டில்லாத கிணற்றருகே பிள்ளைகளை விடலாகாது.

4. வாடிய செடிக்காகப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். எதனால் வாடியது என்று இருவருமாகத் தேடுங்கள்.

சோதனையில் மிஞ்சிய நல்ல கன்றுகளை வீசிவிடாமல், கிணற்றடியிலோ வேலியோரத்திலோ சிறு பாத்தி ஒன்று கட்டி நடுவித்து, அதனைப் பிள்ளையின் பாத்தி என்று விட்டுவிடுக. பயறு ஏறக்குறைய இரண்டு மாதத்தில் நெற்று முற்றும். அவ்விளைச்சலில் ஒரு பிடியை அடுத்த விதைப்புக்கு எடுத்து வைக்கவும் பழக்குங்கள். மண் பரிசோதனை, கூட்டெரு தயாரித்தல், பாடசாலைத் தோட்டம் அமைத்தல் என்பன பற்றி மேலும் அறிய விரும்புவோர், தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரைக் கமநல சேவை நிலையத்தின் மூலம் அணுகுவார்களாக.